தீவு ஒன்று, வழி ஐந்து: நிதித்துறைச் சீர்திருத்தத்தை எங்கிருந்து தொடங்குவது?

அண்ணன் மகள் சேலத்தில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறாள். கல்லூரியில் ஒரு விவாதப் போட்டி. குலுக்கலில் அவள் அணிக்கு விழுந்த தலைப்பு இது: "நீங்கள் ஒரு சிறிய தீவு நாட்டின் நிதிச் செயலாளர். மக்கள்தொகை ஒன்றரை லட்சம். வருமானம் சுற்றுலாவும் மீனும். நிதிச் சேவைத் துறையை வலுப்படுத்த அரசு முதலில் எந்தச் சீர்திருத்தத்தைச் செய்ய வேண்டும்?" போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த தலைசுற்றல் தீர்வதற்குள் ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

ஐந்து வழிகளை வரிசையாக எழுதி, வருமானம், வேகம், செலவு, ஆபத்து என்று நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் கொடுத்திருந்தாள். வங்கி லைசென்ஸும் பாஸ்போர்ட்டும் விற்பது 40-க்கு 31 வாங்கி முதலிடம். "கூட்டிப் பார்த்தா இதுதான் சித்தப்பா வருது" என்றாள்.

முப்பத்திரண்டு வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். கூட்டலில் தப்பு இல்லை. ஆபத்தை மற்ற மூன்றோடு சமமாக ஒரு கட்டத்தில் வைத்ததில்தான் கோளாறு. அந்தக் கட்டம் மோசமாகப் போனால் மற்ற மூன்றிலும் இருக்கும் மார்க்கைத் தின்றுவிடும். அன்று சாயங்காலம் வரை இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

முதலில், ஒரு தீவு நிதிச் சேவை என்ற பெயரில் எதை விற்கிறது? லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும் ஒரு வங்கி, அந்தத் தீவிலிருந்து வரும் ஒரு காகிதத்தைச் சந்தேகப்படாமல் வாங்கிக்கொள்கிறது பாருங்கள், அதைத்தான் விற்கிறது. சேலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஜவ்வரிசி போதும். நம்மூர் மரவள்ளி ஜவ்வரிசி 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அதே ஜவ்வரிசியில் சிலர் மக்காச்சோள மாவைக் கலந்ததும், வெள்ளையாகத் தெரிய ரசாயனம் போட்டதும், அதிகாரிகள் சோதனைக்குப் போனதும் ஊருக்கே தெரியும். மகாராஷ்டிராவில் விரத நாளுக்கு ஜவ்வரிசி வாங்குகிறவர் மூட்டையில் எந்த ஆலையின் பெயர் இருக்கிறது என்றா பார்க்கப் போகிறார்? "சேலம் சரக்கு சரியில்லை" என்பார், அவ்வளவுதான். ஒருவர் கலந்தால் நேர்மையான ஆலைக்கும் சேர்த்து விலை இறங்கும். பண மோசடித் தடுப்பைக் கவனிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப். ஒரு நாட்டைச் சாம்பல் பட்டியலில், அதாவது தடுப்பில் ஓட்டை இருப்பதால் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டிய நாடுகளின் பட்டியலில், வைப்பதும் இதே கதைதான். அந்த நாட்டிலிருந்து போகும் ஒவ்வொரு ரூபாயையும் வெளியூர் வங்கி இரண்டு முறை முகர்ந்து பார்க்கும்.

சரி, அவள் தாளில் முதலிடம் வாங்கிய வழிக்கு வருவோம். முத்திரையை விற்பது. இதைக் கடைசிவரை செய்து பார்த்த நாடு, பசிபிக் கடலில் இருக்கும் நவூரு. மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். நம் சேர்வராயன் மலைத்தொடரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. பாஸ்பேட் வெட்டி விற்று, 1970-களில் தலைவருமானத்தில் உலகப் பணக்கார நாடுகளோடு நின்ற ஊர். பாஸ்பேட் தீர்ந்துகொண்டே வந்ததும் வங்கி லைசென்ஸ் விற்க ஆரம்பித்தது. 1990-களில் சுமார் 400 வங்கிகள் ஒரே தபால் பெட்டி முகவரியில் பதிவாகியிருந்தன. கட்டடம் கிடையாது, காசாளர் கிடையாது. 1998-ல் மட்டும் ரஷ்யாவிலிருந்து 7,000 கோடி டாலர் இந்த வழியாகப் போனதாக ரஷ்ய மத்திய வங்கி அதிகாரி ஒருவர் கணக்குச் சொன்னார். 2000-ல் எஃப்.ஏ.டி.எஃப்.-இன் கறுப்புப் பட்டியலில் விழுந்தது. அதிலிருந்து வெளியே வர 2005 அக்டோபர் ஆனது. அதற்குள் நாட்டின் சொந்த வங்கியும் நொடித்துப்போனது. உள்ளூர்க்காரர்கள் சம்பளத்தை ரொக்கமாக வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார்கள். ஓர் ஆஸ்திரேலிய வங்கியின் முகவர் அலுவலகம் அங்கே கதவு திறந்தது 2015-ல்தான். நானூறு வங்கிக்கு லைசென்ஸ் கொடுத்த நாட்டில் சொந்த மக்கள் பணம் போட ஒரு வங்கி இல்லை!

பாஸ்போர்ட் விற்பது இதன் புது வடிவம். இன்னொரு பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் அரசுக்குச் சில ஆண்டுகளில் மொத்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இதில் வந்தது. அந்த பாஸ்போர்ட்டை வாங்கியவர்களுக்கு வேண்டியிருந்தது ஐரோப்பாவுக்கு விசா இல்லாமல் போகும் வசதி. ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் சலுகையை 2022-ல் நிறுத்திவைத்து, 2024 டிசம்பரில் ஒரேயடியாக எடுத்துவிட்டது. விற்ற பொருளின் மதிப்பு இன்னொருவர் கையில் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் சிலர். சலுகை போனது அந்தத் தீவில் பிறந்த அத்தனை பேருக்கும்.

வேகமாக வரும் வருமானத்தைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. 1990-களில் சேலத்தில் தெருவுக்கு ஒரு பைனான்ஸ் கம்பெனி. வங்கி கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு வட்டி. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே, வீட்டில் சொல்லாமல், அப்படி ஒன்றில் இருபதாயிரம் போட்டேன். ஏழு மாதம் வட்டி வந்தது. எட்டாவது மாதம் போனால் பூட்டு. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1997-ல்; என் பூட்டு அதற்கு முன்னாடியே விழுந்துவிட்டது. இதை அவளிடம் சொன்னபோது, உள்ளேயிருந்து என் மனைவி, "இருபதா? என்கிட்ட பத்துன்னுதானே சொன்னீங்க" என்றாள். அது வேறு கதை.

இரண்டாவது வழி, வரியைக் குறைத்து ஒப்பந்தம் போடுவது. இதற்கு மொரீஷியஸைவிட நல்ல பாடம் கிடையாது. நமக்கு நெருக்கமான ஊரும்கூட. அவர்கள் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு. 1998-ல் புது நோட்டில் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளி அச்சடித்ததற்கு அங்கிருக்கும் தமிழர்கள் கிளர்ந்தெழ, மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. பரப்பு 2,040 சதுர கிலோமீட்டர், சேலம் மாவட்டத்தில் பாதிகூட வராது. மக்கள் பன்னிரண்டரை லட்சம் பேர்.

1968-ல் சுதந்திரம் வாங்கியபோது கரும்பைத் தவிர வேறு பிழைப்பு இல்லாத தீவு அது. 1982-ல் இந்தியாவோடு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் போட்டது; ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி கட்டாமல் இருக்க ஏற்பாடு. அதில் ஒரு வாசகம்: மொரீஷியஸ்காரர் இந்தியப் பங்குகளை விற்று லாபம் பார்த்தால் அதற்கு வரி போடும் உரிமை மொரீஷியஸுக்கே. மொரீஷியஸிலோ அந்த லாபத்துக்கு வரியே இல்லை. ஆக இரட்டை வரி தவிர்ப்பு, எந்த வரியும் இல்லாத நிலையாக ஆனது. 1991-ல் இந்தியா கதவைத் திறந்ததும் உலகத்துப் பணமெல்லாம் அந்தத் தீவு வழியாக வந்தது. 2000-க்குப் பிறகு இந்தியாவுக்கு வந்த அந்நியப் பங்கு முதலீட்டில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கின் முகவரி மொரீஷியஸ்தான். இது முறையா என்று வழக்கு நடந்து, 2003-ல் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்றது.

2016-ல் இந்தியா ஒப்பந்தத்தைத் திருத்தியது. 2017 ஏப்ரல் முதல் வாங்கும் பங்குகளுக்கு லாப வரி இங்கேதான். 2024 மார்ச்சில் இன்னொரு திருத்தம் கையெழுத்தானது. வரியைத் தப்பிப்பதே முக்கிய நோக்கமாக இருந்தால் சலுகை கிடையாது என்கிறது அது. முப்பது வருடப் பிழைப்பின் சாவி டெல்லியில் ஒரு மேஜை இழுப்பறையில் இருந்திருக்கிறது. 2018-19-ல் இந்தியாவுக்கு முதலீடு அனுப்பும் நாடுகளில் சிங்கப்பூர் முந்திக்கொண்டது.

இதை வைத்து மொரீஷியஸ் தோற்றுவிட்டது என்று எழுதிவிடாதே என்று அவளிடம் சொன்னேன். ஒப்பந்தக் காசு வந்துகொண்டிருந்த காலத்தில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2001-ல் நிதிச் சேவை ஆணையம் என்று தனியாக ஓர் அமைப்பைக் கட்டினார்கள். கணக்காளர்கள், வழக்கறிஞர்கள், கம்பெனி நிர்வாகம் பார்ப்பவர்கள் என்று ஒரு தலைமுறையே உருவானது. இன்றும் நாட்டின் உற்பத்தியில் சுமார் 13 சதவீதம் இந்தத் துறையிலிருந்து வருகிறது. 2015-ல் ஒரு பெரிய குழுமம் ஆட்டம் கண்டபோது, அதன் கையிலிருந்த பிராமர் வங்கியின் லைசென்ஸை மத்திய வங்கி ரத்து செய்தது. வெளிநாட்டுக்காரர்கள் பெயருக்கு வைத்திருந்த ஒரு வகைக் கம்பெனி லைசென்ஸை 2018 சட்டத்தில் ஒழித்து, பழையவற்றுக்கு 2021 ஜூன் வரை கெடு கொடுத்தார்கள்.

அப்படியும் 2020 பிப்ரவரியில் சாம்பல் பட்டியலில் விழுந்தார்கள். அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியமும் தன் பட்டியலில் சேர்த்தது. எஃப்.ஏ.டி.எஃப். கொடுத்த வேலைகள் ஐந்து. வெளிநாட்டுக் கம்பெனிகளை நிர்வகிப்பவர்களையும் வழக்கறிஞர், ரியல் எஸ்டேட், சூதாட்ட விடுதி போன்றவர்களையும் ஆபத்தைப் பார்த்துக் கண்காணிப்பது. கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் உண்மையான முதலாளி யார் என்பது அதிகாரிக்கு உடனே தெரியும்படி செய்வது. குற்றத்தை விசாரிக்கும்போதே பணம் போன தடத்தையும் விசாரிக்கப் போலீசுக்குப் பயிற்சி. தொண்டு நிறுவனங்களின் மீது ஒரு கண். தடை விதிக்கப்பட்டவர்களின் சொத்தை முடக்குவது. இருபது மாதத்தில் முடித்து 2021 அக்டோபரில் வெளியே வந்தார்கள். இந்த ஐந்தில் வரி விகிதம் என்ற சொல்லே இல்லை, கவனித்தாயா என்றேன். அவள் தாளில் மொரீஷியஸ் என்ற இடத்தில் "குறைந்த வரி" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

இனிமேல் குறைந்த வரியை மட்டும் காட்டி யாரையும் பெரிதாக இழுக்கவும் முடியாது. 2021 அக்டோபரில் 136 நாடுகள் கூடி, 75 கோடி யூரோவுக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிக் குழுமங்களுக்குக் குறைந்தது 15 சதவீத வரி என்று ஒத்துக்கொண்டன. தீவு வாங்காமல் விட்டால் மிச்சத்தை வேறு நாடு வாங்கிக்கொள்ளும். பெரும்பாலான கம்பெனிகளுக்கு 5.5 சதவீதமும் அதற்குக் கீழும் வைத்திருந்த பார்படோஸே 2024-ல் 9 சதவீதத்துக்கு ஏற்றியது.

மூன்றாவது, சிங்கப்பூர் வழி. எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். யாராலும் அப்படியே செய்ய முடியாத வழியும் இதுதான். துறைமுகம், கப்பல் பாதை, லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் நடுவில் வசதியாக அமைந்த கடிகாரம், இதெல்லாம் அவர்களுக்கு வாய்த்தது. ஆனால் அங்கிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம். பி.சி.சி.ஐ. என்ற சர்வதேச வங்கி 1973-ல் லைசென்ஸ் கேட்டு வந்தது; சிங்கப்பூர் மறுத்தது. 1980 வாக்கில் மறுபடி கேட்டது, மறுபடியும் மறுப்பு. அப்போது சிங்கப்பூர் ஒன்றும் வந்த வரவை வேண்டாமென்று சொல்லும் பணக்கார நாடு இல்லை. 1991 ஜூலையில் அந்த வங்கியைப் பல நாடுகள் ஒன்றுசேர்ந்து மூடியபோது, உலகம் முழுக்க அதில் பணம் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். 2016-ல் மலேசிய அரசு நிதி மோசடியில் சிக்கிய இரண்டு சுவிஸ் வங்கிகளின் சிங்கப்பூர்க் கடையைச் சாத்தச் சொன்னார்கள். லைசென்ஸ் கொடுக்க ஒரு கிளார்க் போதும். இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த நாளும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அந்த அதிகாரிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும்.

நான்காவது, ஒரே ஒரு தொழிலைப் பிடித்துக்கொள்வது. பெர்முடா மறுகாப்பீட்டை, அதாவது காப்பீட்டுக் கம்பெனிகளுக்கே காப்பீடு கொடுக்கும் தொழிலைப் பிடித்தது. அது தனி நாடு இல்லை, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. அறுபத்து சொச்சம் ஆயிரம் பேர்தான். 1978-லேயே காப்பீட்டுக்குத் தனிச் சட்டம் போட்டு, அந்த ஒன்றில் மட்டும் நிபுணத்துவம் சேர்த்து, 1992-ல் ஆண்ட்ரூ புயல் அமெரிக்கக் காப்பீட்டுத் துறையைப் புரட்டிப் போட்டபோது தயாராக நின்றது. 2025 முதல் பெரிய குழுமங்களுக்கு 15 சதவீத வரியும் போட்டுவிட்டது. நல்ல வழிதான். ஆனால் நாற்பது வருடப் பொறுமை கேட்கும் வழி; ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்கும் அமைச்சரிடம் இதை விற்பது கஷ்டம்.

வெளிநாட்டு டெபாசிட்டை வாரிக் குவிப்பது என்று ஆறாவதாக ஒன்று சேர்க்கலாமா என்று கேட்டாள். சைப்ரஸைச் சொன்னேன். நாட்டின் உற்பத்தியைப் போல ஏழு மடங்கு அளவுக்கு வங்கிகள் வீங்கியிருந்தன. 2013 மார்ச்சில் பன்னிரண்டு நாள் வங்கிக் கதவே திறக்கவில்லை. சேர்க்கவில்லை.

ஐந்தாவது வழிக்கு அவள் மிகக் குறைந்த மார்க் கொடுத்திருந்தாள். "பக்கத்துத் தீவுகளோடு சேர்ந்து பொதுக் கண்காணிப்பு" என்று எழுதி, வருமானத்துக்கு இரண்டு, வேகத்துக்கு மூன்று. நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். காரணம், கரீபியனில் நடந்த ஒரு விஷயம்.

அங்கே எட்டுத் தீவுகளுக்குச் சேர்த்து ஒரே மத்திய வங்கி. 1983-ல் தொடங்கியது, தலைமையகம் செயின்ட் கிட்ஸில். ஒரே நாணயம், 1976 முதல் இன்றுவரை ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று அசையாமல் நிற்கிறது. எட்டில் ஒன்று ஆன்டிகுவா. மக்கள் ஏறக்குறைய ஒரு லட்சம், போட்டித் தலைப்பில் இருக்கும் கற்பனைத் தீவுக்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. அங்கே ஆலன் ஸ்டான்ஃபோர்டு என்ற அமெரிக்கர் இரண்டு வங்கிகள் வைத்திருந்தார். வெளிநாட்டுக்காரர்களிடம் டெபாசிட் வாங்கும் வங்கி, ஆன்டிகுவாவின் சொந்த நிதிக் கண்காணிப்பு அமைப்பின் கீழ். உள்ளூர் மக்களுக்கான வங்கி, பொது மத்திய வங்கியின் கீழ். 2009-ல் முதல் வங்கி சுமார் 700 கோடி டாலர் மோசடி என்று அம்பலமானது. அதை மேற்பார்வை பார்க்க வேண்டிய அமைப்பின் தலைவரே ஸ்டான்ஃபோர்டிடம் லஞ்சம் வாங்கிக்கொண்டிருந்தார். பின்னாளில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அமெரிக்காவில் பத்து ஆண்டு தண்டனை பெற்றார். ஸ்டான்ஃபோர்டுக்கு 110 ஆண்டு. உள்ளூர் வங்கி வாசலிலும் மக்கள் பணம் எடுக்க வரிசை கட்டினார்கள். பொது மத்திய வங்கி சில நாட்களில் அதைத் தன் கையில் எடுத்து, வட்டாரத்து வங்கிகளைக் கூட்டி நடத்தவைத்தது. கதவு மூடவில்லை.

ஒரே தீவு, ஒரே முதலாளி, ஒரே வாரம். வேறுபாடு, மேற்பார்வை பார்ப்பவர் யாருடைய ஊர்க்காரர் என்பதில் இருந்தது. லட்சம் பேர் உள்ள ஊரில் வங்கி ஆய்வாளரும் வங்கி முதலாளியும் ஒரே கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிடுவார்கள். முதலாளியின் கம்பெனியில் ஆய்வாளரின் மச்சான் வேலை பார்ப்பார். எவ்வளவு நேர்மையானவருக்கும் அங்கே "இல்லை" என்ற சொல் தொண்டையில் சிக்கும். அலுவலகம் கடல் தாண்டி இருந்தால், எட்டு நாட்டு ஆட்கள் கலந்து உட்கார்ந்திருந்தால், அந்தச் சொல் கொஞ்சம் சுலபமாக வரும். சேலத்தில் 1981-ல் ஜவ்வரிசி ஆலைகளுக்கான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்ததற்கும் இதில் பாதிக் காரணம் பொருந்தும்: தனித்தனி ஆலையாக வியாபாரியின் முன்னால் நிற்க முடியாதவர்கள் ஒரே கூரையின் கீழ் ஏலம் போட்டால் நிற்க முடிந்தது.

இதில் குறையே இல்லையா என்றால், உண்டு. வட்டி விகிதத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. எட்டுப் பேர் ஒத்துக்கொள்ளும்வரை எதுவும் நகராது. ஆன்டிகுவா செய்ததைப் போல, பொதுக் கண்காணிப்புக்கு வெளியே ஒரு சந்து விட்டுவைத்தால் திருடன் அந்தச் சந்தைத்தான் தேடி வருவான்.

என் வரிசை இப்படி. ஒன்றரை லட்சம் பேர் உள்ள தீவு என்றால், முதல் வருடமே வட்டாரக் கண்காணிப்பில் சேர வேண்டும். வெளிநாட்டு லைசென்ஸையும் அதன் கீழேயே கொண்டுபோக வேண்டும். கூடவே, கம்பெனிகளின் உண்மையான முதலாளிகளைப் பதிவு செய்யும் ஏடு. இவை இரண்டும் இருந்தால் வெளியூர் வங்கிகள் இந்தத் தீவோடு உறவை முறிக்காது. சுற்றுலா விடுதிக்காரரின் கார்டு மெஷினும், கடல் தாண்டி வேலைக்குப் போன பையன் அம்மாவுக்கு அனுப்பும் பணமும் தடங்கலில்லாமல் ஓடும். டோங்கா மாதிரி நாடுகளில் இப்படி வரும் பணம் நாட்டின் உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு இருக்கிறது. அப்புறம்தான் பெர்முடாவைப் போல ஒரே ஒரு தொழில். கேள்வியில் மக்கள்தொகை பத்து லட்சத்துக்கு மேல் என்று இருந்திருந்தால், நான் மொரீஷியஸ் பக்கம் சாய்ந்திருப்பேன். தனியாக ஒரு ஆணையத்தை நடத்த ஆள் கிடைக்கும், ஒப்பந்தம் போய்விட்டாலும் படித்தவர்கள் மிஞ்சுவார்கள். பாஸ்போர்ட் விற்பது எந்த மக்கள்தொகைக்கும் என் பட்டியலில் வராது.

சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு ஒண்டிக்கடை வரை நடந்து போனோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. நடுவராக வருகிறவர் இதைக் கேட்டால் என்ன சொல்வது என்றாள்: "வருமானமே வராத முதல் ரெண்டு வருஷம் ஆய்வாளருக்குச் சம்பளம் எங்கிருந்து சித்தப்பா?"

"இருக்கிற லைசென்ஸ் கட்டணத்தை மூணு மடங்கு ஏத்து. வருஷா வருஷம் தணிக்கைக் கணக்கு கேளு. பாதிப் பேர் ஓடிடுவாங்க."

"மீதிப் பாதி?"

"அவங்க கட்டுறதுதான் கண்ணு சம்பளம்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதோ கணக்குப் போட ஆரம்பித்தாள். கட்டம் எதுவும் போடவில்லை.